அலங்கார எழுத்துகள்: கருவியும் கற்பனையும்



முதலாண்டில் டிராயிங் ஹாலுக்குள் நுழைந்ததும் நமக்குக் கிடைக்கிற முதல் ஷீட் லெட்டரிங் ஷீட்தான். ஐ.எஸ். 9609 சொல்கிறபடி எழுத்தின் உயரம் 2.5, 3.5, 5, 7, 10, 14, 20 மில்லிமீட்டர் என்று போகும். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறக்குறைய 1.414 மடங்கு. கோட்டின் தடிமன் 'ஏ' வகையில் உயரத்தில் 14-ல் ஒரு பங்கு, 'பி' வகையில் 10-ல் ஒரு பங்கு. அதில் யாராவது ஒரு வாலை நீட்டி அழகு பார்த்தால் சார் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். நியாயம்தான். சேலத்தில் வரைந்த படத்தை ஓசூரில் லேத்தில் நிற்பவர் தப்பாகப் படித்துவிடக் கூடாது.

ஆனால் காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்று பாருங்கள். டீக்கடை, சலூன், லாரி முகப்பு, திருவிழா வளைவு, எதுவும் ஐ.எஸ். 9609-ஐக் கேட்டு நடக்கவில்லை. படிப்பதற்கான எழுத்து வேறு, பார்க்க வைக்கிற எழுத்து வேறு. இந்த இரண்டாவது வகையைத்தான் அலங்கார எழுத்து, தலைப்பெழுத்து என்கிறோம். அதன் வடிவம் எங்கிருந்து வருகிறது? கலைஞனின் தலையிலிருந்து என்று சொல்லிவிடலாம். நான் பார்த்த வரை பாதிக்கு மேல் கையில் இருக்கிற கருவியிலிருந்துதான் வருகிறது.

நம் மாவட்டத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ள நடுகற்களில் வட்டெழுத்து இருக்கும். பெயருக்கேற்ற மாதிரி வளைவு வளைவாக ஓடும். ஓலையில் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால் எழுத்து வளைந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். உளிக்கு நேர்க்கோடுதானே சுலபம்? தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் உள்ள ஜம்பைக் கல்வெட்டு (1981-ல் கண்டுபிடிக்கப்பட்டது) தமிழி எழுத்தில் நேர்க்கோடுகளாக நிற்கிறது. பின்னால் வந்த வட்டெழுத்தோ கல்லிலும் வளைகிறது. கருவி மாறினாலும் கைப்பழக்கம் போகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அச்சில் அலங்கார எழுத்து வந்த கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. தொழிற்சாலைகள் பெருகி, சரக்கு குவிந்து, விளம்பரத் தட்டிகள் சுவரெல்லாம் ஏறிய காலம். புத்தக எழுத்தைப் பெரிதாக்கி ஒட்டினால் தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்க மாட்டான். அதனால் 1800-களின் தொடக்கத்தில் ராபர்ட் தோர்ன் போன்ற வார்ப்பாளர்கள் எழுத்தைக் கொழுக்க வைத்தார்கள். 1815 வாக்கில் வின்சென்ட் ஃபிகின்ஸ் கட்டை கட்டையாகப் பாதம் வைத்த எழுத்தை வெளியிட்டார். அந்த ரகத்துக்கு 'எகிப்தியன்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. 1798-ல் நெப்போலியன் எகிப்துக்குப் படை கொண்டுபோனதிலிருந்து ஐரோப்பாவில் எகிப்து மோகம், அவ்வளவுதான் சம்பந்தம். 1816-ல் நான்காம் வில்லியம் காஸ்லான் பாதமே இல்லாத எழுத்தை வெளியிட்டபோது அதற்கும் 'எகிப்தியன்' என்றே பெயர் வைத்தார்! பாதம் இருந்தாலும் எகிப்து, இல்லாவிட்டாலும் எகிப்து. வியாபாரிகளின் கற்பனை அப்படி.

இனி நம் ஃபவுண்டரி பாடம். அச்செழுத்து ஈயம், ஆன்டிமணி, வெள்ளீயம் கலந்த உலோகம். ஆன்டிமணி கடினம் தரும், ஆறும்போது சுருங்குவதைக் குறைக்கும். ஆனால் ஒரு சாண் உயர எழுத்தை ஈயத்தில் வார்த்தால் கனம் தாங்காது, விலையும் தாங்காது. 1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் கடைசல் வெட்டி மூலம் மரத்தில் எழுத்தைக் குடைந்தார். 1834-ல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பேன்டோகிராஃபைச் சேர்த்தார். ஒரே மாதிரி அச்சை வைத்து ஒல்லி, குண்டு, சிறிசு, பெரிசு எல்லாம் வெட்ட முடிந்தது. பழைய அமெரிக்க கௌபாய் பட போஸ்டர் எழுத்தெல்லாம் இந்த மரக்கட்டை வம்சம்தான்.

தமிழில் ஏன் இப்படி விதவிதமாக வார்க்கவில்லை என்று நான் யோசித்ததுண்டு. ஆங்கிலத் தலைப்புக்கு 26 அச்சு போதும். தமிழுக்கு நூற்றுக்கு மேல் வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும், ஒவ்வொரு ரகத்துக்கும் அத்தனையும் வெட்டினால் எந்த அச்சகம் கட்டுப்படியாகும்? பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் பயன்படுத்தி, 1978-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட சீர்திருத்தம், துதிக்கை வைத்த லை, ணை, னை, ளை முதலியவற்றைக் கழித்து இந்தச் சுமையைக் கொஞ்சம் இறக்கியது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், பத்திரிகைக் கதைத் தலைப்புகளை ஓவியர்கள் கையால் வரைந்து பிளாக் எடுத்துத்தான் அச்சடித்தார்கள். ஒருவகையில் அந்தப் பஞ்சமே தமிழ்த் தலைப்பெழுத்தை வளர்த்தது என்பேன். ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008) சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் எழுதிய தலைப்புகளைப் பாருங்கள். அவர் கோட்டோவியத்தில் இருக்கிற அதே பேனா, அதே முறுக்கு.

பத்திரிகைக்கு ஓவியர் என்றால் தெருவுக்கு பெயிண்டர். என் தாய்மாமா முப்பது வருஷம் இந்தப் பக்கத்தில் போர்டு எழுதியவர். காரிமங்கலத்திலிருந்து பாலக்கோடு வரை அவர் கை படாத கடைத்தெரு குறைவு. அவர் பாலிடெக்னிக் படித்தவரில்லை. ஆனால் நாம் செமஸ்டர் முழுக்கப் படிக்கிற ஒரு விஷயத்தை அவர் தகரத்தில் போட்டுக் காட்டுவார். 'ஷேடு எழுத்து' என்று சொல்வார்களே, எழுத்துக்குக் கனம் கொடுத்து பக்கவாட்டில் நிழல் அடிப்பது, அது சுத்தமான ஆப்ளிக் ப்ரொஜெக்ஷன். முன்பக்கம் உண்மை அளவு, ஆழம் 45 டிகிரி சாய்வில். ஆழத்தை முழுசாக வைத்தால் கேவலியர், பாதியாக்கினால் கேபினட்.

"ண எழுதுறப்போ முழு ஷேடு வெச்சா சுழிக்குள்ள அடைச்சுக்கும் மாப்ள. அங்க மட்டும் பாதி வெக்கணும்" என்றார் ஒரு நாள்.

"அதுக்குப் பேரு கேபினட் மாமா" என்றேன்.

"பேரு எதுவா இருந்தா என்ன, தூரத்துல இருந்து ண வேற ன வேறன்னு தெரியணும்ல?"

இங்கேதான் தமிழ் அலங்கார எழுத்தின் பெரிய சிக்கல் இருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம். இரண்டு கோடு அடித்தால் போதும். தமிழுக்கு மேலே கொம்பு போகும், கீழே கால் போகும். மாமா நான்கு நூல் அடிப்பார். கொழுத்த எழுத்து என்றால் ஆங்கில 'ஐ'-க்குப் பிரச்சினை இல்லை, நம் ண-வுக்கு உயிர் போகும். அதனால் வெளிக்கோட்டைத் தடித்து, உள்சுழியை மெலிதாக்குவார்கள். மேல்நாட்டு ரகத்தை அப்படியே தமிழுக்கு மாட்டினால் வராது என்பதை எந்தப் புத்தகமும் படிக்காமல் தெருவே கண்டுபிடித்திருக்கிறது.

2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. காலையில் சொன்னால் மாலையில் போர்டு. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எழுத்துக்கு என்ன ஆனது? பக்கத்து ஊரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பார்த்தேன். பெயர் சிறியது, போர்டு அகலம். ஆப்பரேட்டர் மவுஸைப் பிடித்து எழுத்தைப் பக்கவாட்டில் ஒன்றரை மடங்கு இழுத்துவிட்டார். கணக்குப் போடுங்கள்: நிற்கிற கோடு 20 மில்லிமீட்டர் இருந்தால் 30 ஆகும், படுத்த கோடு 20-லேயே நிற்கும். வட்டச் சுழியெல்லாம் முட்டையாகும். பெயிண்டராக இருந்தால் கோட்டின் கனத்தை மாற்றாமல் எழுத்தையே அகலமாக வரைந்திருப்பார்.

போன வருஷம் கடைத்தெருவில் ஒரு பழைய வெற்றிலை பாக்குக் கடையின் தகர போர்டைக் கழற்றினார்கள். 'லை' துதிக்கையோடு இருந்தது. 1978-க்கு முந்திய பழக்கம். தகரம் கோழிக்கூண்டுக்குக் கூரையானது. கழற்றுவதற்கு முந்தின நாள் நாங்கள் மூன்று பேர் போய் ட்ரேசிங் பேப்பரில் அதன் அளவை எடுத்துக்கொண்டோம். ஒரு தலைமுறையின் கை அதில் இருந்தது. மாமா பார்த்துவிட்டு, "இது எங்க வாத்தியார் எழுதினது" என்றார், கொஞ்ச நேரம் வேறு எதுவும் பேசவில்லை. அவர் இப்போது வீடுகளுக்கு எமல்ஷன் அடிக்கிறார். "அதுல எழுத்து இல்ல மாப்ள, கூலி இருக்கு" என்பார்.

கம்ப்யூட்டர் வந்ததால் எல்லாம் போச்சு என்று நான் எழுத வரவில்லை. 1994-ல் மைக்ரோசாஃப்டில் வின்சென்ட் கானேர் ஒரு மென்பொருளில் கார்ட்டூன் நாய் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தில் பேசுவதைப் பார்த்து, நாய்க்கு இது பொருந்தாது என்று காமிக்ஸ் புத்தகங்களைப் பார்த்து 'காமிக் சான்ஸ்' வரைந்தார். எல்லோரும் கேலி செய்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் போட்டால் அது போட்டவர் தப்பு, நாயின் தப்பில்லை. தமிழிலும் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்கள் உண்டு. மும்பை ஏக் டைப் குழுவின் 'பலூ தம்பி' கொழுகொழு ரகம். கொழுத்தும் சுழி அடைக்காமல் இருக்கிறது. இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த 'கவிவனார்' சாய்ந்த கையெழுத்து. டில்லியில் ஹனீப் குரேஷி (மறைவு 2024) தெரு பெயிண்டர்களின் எழுத்தை வாங்கி, அந்த பெயிண்டரின் பெயரையே எழுத்துருவுக்கு வைத்தார். அந்தப் பெயர் வைத்ததுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

நாங்களும் மாமா கையெழுத்தை எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். முதலில் நம் ஊர்ப் பெயர். 'தருமபுரி'யில் த, ரு, பு எல்லாம் கீழே இறங்கும். அடிக்கோடு இழுத்தால் பல இடத்தில் முட்டும். 'காரிமங்கலம்' கீழே அதிகம் இறங்காத பெயர், நீளமாக ஒரு வீச்சு இழுக்கலாம். ஏழு எழுத்து, நடு எழுத்து ங், இருப்பதிலேயே சிக்கலானது. மாமா அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார். வலப்பக்கம் க, ல, ம். இடப்பக்கம் கா, ரி, ம. இரண்டு பக்கமும் மூன்று மூன்று என்றாலும் 'கா' இரண்டு எழுத்து இடம் பிடிக்கும். அதனால் ங்-ஐ போர்டின் நடுவிலிருந்து ஒரு விரல் வலப்பக்கம் தள்ளி வைக்கிறார்.