நீரிறைக்கும் மோட்டரும் மின்னழுத்த எழுச்சியும்

கிணற்று நீரை மின்மோட்டரால் இறைத்து மிளகாய், வெங்காயம் முதலியன செய்கைபண்ணும் கமக்காரர் சிலர், இடிமழைக்கு மறுநாள் ஆளியைப் போட்டதும் மோட்டர் இயங்காமை கண்டு திகைப்பதுண்டு. கருகிய சுருளைப் புதிதாகக் கட்டுவிக்கும் செலவு ஒருபுறம். அதுவரை நீரின்றிப் பயிர் வாடுவது மறுபுறம். இந்நட்டம் பெரும்பாலும் தவிர்க்கக் கூடியதே.

எழுச்சி என்பது யாது?

நம் நாட்டில் வீட்டு மின்னிணைப்பின் அழுத்தம் 230 வோல்ற்று ஆகும். மின்னல் கம்பிமீது நேரே விழாது அண்மையில் விழுந்தாலும், கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ற்று அழுத்தம் கணப்பொழுதில் எழும். சுருளின் காவலீடு அதனைத் தாங்காது துளைபடும். உருகி காய்ந்து உருகுவதற்கு வேண்டிய நேரத்திலும் குறைந்த நேரத்தில் இவையாவும் நிகழ்ந்து விடுதலால், உருகியை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

மூன்று உயிர்க்கம்பிகள் செல்லும் வழியில் நொதுமற்கம்பி அறுந்தாலும் தீங்கு நேரும். அப்பொழுது 230 வோல்ற்றுக்கென அமைந்த கருவிகள் சிலவற்றிற்கு 400 வோல்ற்று வரையிற் செல்லக்கூடும். விளக்குகள் சில மிகப் பிரகாசித்து வேறு சில மங்குவது இதன் அறிகுறி. உடனே தலையாளியை நிறுத்தி, மின்சாரம் வழங்கும் நிறுவனத்திற்கு அறிவித்தல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. மார்ச், ஏப்பிரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமின்னல் மிகுதி. வானம் இருளும்போதே மோட்டரின் இணைப்பைக் கழற்றிவிடுக. மின்னல் தொடங்கியபின் ஆளியையோ கம்பியையோ தொடுதல் ஆகாது; மோட்டர் போயினும் போகட்டும், வீட்டினுள் இருங்கள்.

2. மின்சாரம் தடைப்பட்டால் மோட்டரை நிறுத்திவைத்து, மீண்டும் வந்து சில நிமிடம் கழிந்தபின் இயக்குக.

3. எழுச்சித் தடுப்பான் மிகையழுத்தத்தை நிலத்துக்குத் திருப்பிவிடும். புவித்தொடுப்பு அறுந்திருப்பின் அதனாற் பயன் குறையும். ஆகவே, தகுதிபெற்ற மின்வினைஞரைக் கொண்டு அதனைப் பொருத்துவித்து, புவித்தொடுப்பையும் ஆண்டுதோறும் சோதிப்பிக்க.

4. ஈரநிலத்தில் நின்று வேலை செய்வோரின் உயிரைக் காப்பது டிரிப் சுவிட்சு. அதன் சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்க்க. விழாதாயின் மாற்றுக.

5. உருகிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைக் கட்டுதல் ஒருபோதும் கூடாது.

மோட்டரைத் திருத்தலாம், மாண்ட உயிரை மீட்டல் இயலாது. கார்முகில் கண்டதும் நெல்லை மூடுவதுபோல, மின்னிணைப்பைக் கழற்றுவதையும் வழக்கமாக்கிக் கொள்வீர்களாக.