நஞ்சைத் தாங்கிய கண்டம்

மைசூருக்குத் தெற்கே, கபினி ஆற்றங்கரையில் அமைந்துள்ள திருத்தலம் நஞ்சன்கூடு. நஞ்சுண்ட பெருமான் உறையும் இடம் என்பது அப்பெயரின் பொருள். ஸ்ரீகண்டேசுவரர் என்னும் திருநாமமும் அந்தக் கண்டத்தின் பெருமையையே குறிக்கிறது.

385 அடி நீளமும் 160 அடி அகலமும் கொண்டது இவ்வாலயம். இதன் ஏழு நிலைக் கோபுரம் 19ஆம் நூற்றாண்டில், மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் எழுந்தது. உள்ளே அறுபத்துமூன்று நாயன்மார்களின் திருவுருவங்கள் வரிசையாக விளங்குகின்றன. தமிழகத்தில் சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் பாடிய அடியார்களைக் கன்னட நாட்டுச் சிற்பியும் கல்லில் வடித்து வணங்கினான். பக்திக்கு மொழி எல்லை இல்லை.

தொண்டர் குழுவினர் ஒரு நாளை அந்தர்யோகத்திற்கு ஒதுக்கும்போது, இத்தகைய சந்நிதி சிறந்த பாடசாலையாகும். ஆனால் அறுபத்துமூவரையும் அவசரமாகச் சுற்றி வருவதால் பயன் இல்லை. ஒரே ஒரு திருவுருவத்தின் முன் மௌனமாக அமர்ந்து, அவர் வாழ்வைச் சிந்திக்க வேண்டும். இத்தலத்திற்கு மிகவும் பொருந்துபவர் திருநீலகண்ட நாயனார்.

தில்லையில் வாழ்ந்த குயவர் அவர். அடியார்களுக்குத் திருவோடு செய்தளித்தார். ஒருமுறை அவர் நெறி தவறியபோது, மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாது என்றார். அன்று முதல் இருவரும் ஒரே இல்லத்தில், அயலார் அறியாவண்ணம், தீண்டாமலே முதுமை எய்தினர். இறைவன் சிவயோகியாக வந்து சோதித்தபோது, மூங்கில் கோலின் இரு முனைகளைப் பற்றியவாறு குளத்தில் மூழ்கினர். கைபிடித்து மூழ்காத காரணத்தை நாயனார் ஊரார் முன் மறைக்காமல் உரைத்தார். எழுந்தபோது இளமை பெற்றிருந்தனர்.

ஆலகாலத்தை விழுங்கியிருந்தால் உள்ளிருக்கும் உயிர்கள் அழியும். உமிழ்ந்திருந்தால் வெளியுலகம் அழியும். ஆகவே பெருமான் அதைக் கண்டத்தில் நிறுத்தினார். அந்த அம்மையாரும் தம் துயரை ஊரில் தூற்றவில்லை. அதனால் தம் உள்ளம் கசந்து கணவரைக் கைவிடவும் இல்லை. கணவரோ, உண்மையைக் கூற வேண்டிய வேளையில் தம் பிழையை மறைக்கவில்லை. அடக்கம் வேறு, ஒளிப்பு வேறு.

தொண்டர் குழுக்கள் பெரும்பாலும் பெரிய காரணங்களால் பிளவுபடுவதில்லை. யார் பெயர் முதலில் கூறப்பட்டது, யார் உழைப்பு மறக்கப்பட்டது என்னும் சிறு நஞ்சே போதும். அதைப் புறங்கூறலாக உமிழ்கிறோம். அல்லது விழுங்கி உள்ளுக்குள் புழுங்குகிறோம். ஆதலின் அன்றைய மாலையில் ஒவ்வொருவரும் தம்மையே இவ்வாறு வினவுதல் நலம்: இன்று என் கண்டத்தில் நிற்கும் கடுஞ்சொல் எது? அதை உரியவரிடமே, அன்போடும் உண்மையோடும் கூற எனக்குத் துணிவு உண்டா? நான் ஒப்புக்கொள்ள வேண்டிய பிழை எது?

சிற்பியின் உளி கல்லிலிருந்து வேண்டாததை நீக்கியது, அடியார் வெளிப்பட்டார். நம்மிடமிருந்து ஒரு கடுஞ்சொல்லேனும் நீங்குமாயின், அந்த ஒரு நாள் பயனுற்றதாகும்.