கடை திறக்குமுன் எழுத வேண்டியவை

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்து சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களையும், மதீனாவாசியான ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்களையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஸஃது (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியைக் கொடுக்க முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகாஃ சந்தையில் பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய அவர்களுடைய வியாபாரத்தில் அல்லாஹ் பெரும் பரக்கத்தை அருளினான்.

எனவே சிறிய முதலில் தொழில் தொடங்குவது குறைவன்று. ஆனால் நம் குடும்பங்களில் கடைகள் எப்படித் தொடங்கப்படுகின்றன? சவூதியிலோ துபையிலோ இருக்கும் அண்ணன் அனுப்பிய பணம், ஊரிலிருக்கும் தம்பியின் உழைப்பு, வீட்டுப் பெண்ணின் நகை, மாமனார் கைமாற்றாகக் கொடுத்த தொகை. எல்லாம் வாய்ப்பேச்சோடு சரி. "நமக்குள் என்ன எழுத்து? நம்பவில்லை என்று நினைத்துக் கொள்வார்களே!" என்று கூசுகிறோம். கடை செழித்த பிறகு, இது யாருடைய கடை என்ற கேள்வி எழுகிறது. ஒருதாய் மக்கள் கல்யாணத்துக்கும் மவுத்துக்கும்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமல் போய்விடுகின்றனர்.

எழுதுவது இறைவனின் ஏவல்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலைப் பற்றியதாகும் (2:282). தவணையிட்டுக் கடன் கொடுத்தால் எழுதிக் கொள்ளுமாறும், சாட்சிகளை வைத்துக் கொள்ளுமாறும், தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்படைய வேண்டாமென்றும் அதில் அல்லாஹ் ஏவுகின்றான். பெரும்பாலான உலமாக்கள் இதனைக் கட்டாயமென்று கொள்ளாமல், விரும்பத்தக்கது என்றே விளக்குகின்றனர். ஆயினும், சந்தேகம் எழாமலிருக்கவே எழுத்து என்ற காரணத்தை அவ்வசனமே கூறியிருக்க, எழுதுவதை அவமானமாக நாம் கருதலாமா?

ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு

கதீஜா (ரலி) அம்மையாரின் சரக்கை எடுத்துக் கொண்டு, நபித்துவத்திற்கு முன்னர் அண்ணலார் (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் சென்று வணிகம் செய்தது யாவரும் அறிந்ததே. ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்கும் வியாபாரத்தை 'முளாரபா' என்பர். இதில் லாபத்தைப் பாதிக்குப் பாதி, மூன்றில் ஒரு பங்கு என்று விகிதமாகவே பேசிக் கொள்ள வேண்டும். "லாபமோ நஷ்டமோ உன் பாடு, எனக்கு மாதம் பத்தாயிரம் கொடுத்துவிடு" என்று பணம் கொடுத்தால், பெயர் கூட்டு வியாபாரமாக இருந்தாலும் வந்து சேர்வது வட்டியே. நஷ்டம் வந்தால் அது முதல் போட்டவரைச் சாரும். உழைத்தவருக்கு உழைப்பு வீணாகும். உழைத்தவர் கவனக்குறைவாலோ பேசிய நிபந்தனையை மீறியோ இழப்பு உண்டாக்கியிருந்தால் மட்டுமே அவர் பொறுப்பாவார்.

இருவரும் முதல் போட்டால்

ஒருவர் 3 லட்சமும் மற்றவர் 1 லட்சமும் போட்டு, 40,000 ரூபாய் நஷ்டம் வந்ததென்று வைத்துக் கொள்வோம். முதலின் அளவுப்படியே நஷ்டத்தை ஏற்க வேண்டும். அதாவது 30,000, 10,000. லாபத்தைப் பொறுத்தவரை, கடையில் உழைக்கும் பங்காளிக்கு அவருடைய முதலைவிடக் கூடுதலான விகிதம் பேசிக் கொள்ள ஹனஃபீ மத்ஹபில் இடமுண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் லாபமும் முதலின் அளவுப்படியே அமையும். ஆகவே உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு எழுதுங்கள்.

எழுதாமல் விட்டால் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையேல் பங்காளிகள் லாப நஷ்டத்தில் சமபங்கினர். மேற்கண்ட உதாரணத்தில் 1 லட்சம் போட்டவர் 20,000 ரூபாய் நஷ்டம் சுமக்க நேரும். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், தனக்கு வரவேண்டிய பாக்கிக்காக வழக்குத் தொடுப்பதற்கும் அச்சட்டம் தடை விதிக்கிறது. பங்காளி ஒருவர் இறந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை கூட்டும் கலைந்துவிடும். ஷரீஅத்திலும் மரணத்தோடு கூட்டு முடிகிறது. எனவே ஒருவர் மவுத்தானால் கணக்கை எவ்வாறு முடிப்பது, வாரிசுகளின் பங்கை எத்தனை மாதத்திற்குள் கொடுப்பது என்பதையும் முதலிலேயே எழுதி விடுங்கள்.

மனைவியின் நகை, மகனின் உழைப்பு

மஹராகப் பெற்றதும் தாய் வீட்டார் கொடுத்ததுமான நகை மனைவியின் சொந்தச் சொத்து. அதை விற்றோ அடகு வைத்தோ கடைக்கு முதல் சேர்த்தால் அது கடனா, பங்கா, அவள் மனமுவந்து தந்த அன்பளிப்பா என்று எழுதுங்கள். கடனாயின் எத்தனை சவரன் என்பதையும் எழுதுங்கள். கணவன் மவுத்தானால், சொத்தைப் பங்கு வைக்குமுன் கடனை அடைப்பது கடமை. எழுத்தில்லாத கடனை எந்த வாரிசு ஒப்புக் கொள்வார்? நகையையும் இழந்து, இத்தாவில் அமர்ந்திருக்கும் பெண் சாட்சி தேடி அலைய வேண்டுமா?

மூத்த மகன் பள்ளிப் படிப்பை விட்டுத் தந்தையின் கடையில் இருபது வருடம் உழைக்கிறான். அவன் சம்பளத்திற்கு இருந்தானா, பங்காளியா, தந்தைக்கு உதவியாக இருந்தானா என்று தெளிவு செய்யாமல் தந்தை கண்மூடினால், கடை முழுவதும் தந்தையின் சொத்தாகவே எண்ணப்பட்டு வாரிசுகள் அனைவருக்கும் பங்காகிறது. தம்பிகள் கேட்பதும் நியாயமாகப் படுகிறது. அண்ணன் குமுறுவதும் நியாயமாகப் படுகிறது. தந்தை உயிரோடிருக்கும்போது எழுதும் ஒரு தாள் இந்த மனவருத்தத்தைத் தடுக்கும்.

தினக் கணக்கும் ஜகாத்தும்

கல்லாப்பெட்டியில் கைவிட்டு மீன் வாங்கவும், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவும் பணம் எடுப்பவருக்குத் தம் கடையில் லாபமா நஷ்டமா என்பதே தெரியாது. வீட்டுக்கென மாதம் ஒரு தொகையை லாபத்தின் முன்பணமாக எடுத்து, அதையும் எழுதி வையுங்கள். அன்றாட விற்பனை, கொள்முதல், கடன் பாக்கி மூன்றையும் இஷாவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கிப் பதியுங்கள். ஓராண்டுக் கணக்கு கையில் இருந்தால்தான் இரண்டாவது கடை திறக்கலாமா என்பதைத் துணிந்து முடிவு செய்ய இயலும். கணக்கில்லாமல் கடையைப் பெருக்கியவர்களே பெரும்பாலும் வட்டிக்காரரின் வாசலில் போய் நிற்கின்றனர்.

ஜகாத்துக்கும் இக்கணக்கே ஆதாரம். ஆண்டு நிறைவில் விற்பனைச் சரக்கு அன்றைய விலையில் 4 லட்சம், ரொக்கம் 50,000, தடையின்றி வரக்கூடிய பாக்கி 50,000, மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது 1 லட்சம் என்றால், ஹனஃபீ மத்ஹபில் கடனைக் கழித்து 4 லட்சத்துக்கு இரண்டரை சதவிகிதம், அதாவது 10,000 ரூபாய் கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொற்படி கடனைக் கழிப்பதில்லை; 5 லட்சத்துக்கு 12,500 ரூபாய். தராசு, அலமாரி, தையல் இயந்திரம் போன்றவற்றுக்கு ஜகாத் இல்லை.

இரு பங்காளிகளில் ஒருவர் மற்றவருக்கு மோசம் செய்யாத வரை அல்லாஹ்வே அவர்களுடன் மூன்றாமவனாக இருக்கின்றான் எனும் கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வந்துள்ளது. மோசம் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் தொடங்குவதில்லை, மறதியில் தொடங்குகிறது. ஆகவே இன்று இரவே குடும்பத்தாரை அமர்த்தி, யார் எவ்வளவு போட்டார், லாபம் என்ன விகிதம், நஷ்டம் யாருக்கு, இறந்தால் என்ன என்ற நான்கையும் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்துப் பெறுங்கள். முன்பே தொடங்கிய கடையாயினும் காலம் கடந்துவிடவில்லை.

ஹலாலான சம்பாத்தியத்தையும், பிளவுபடாத குடும்பத்தையும், மறுமையில் எளிதான கேள்வி கணக்கையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.