பரணில் கிடக்கும் சி.பி. ரேடியோவைப் பேச வைப்பது எப்படி?

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, அடுத்த ஆண்டே மணிக்கு 55 மைல் என்ற வேகக் கட்டுப்பாடும் வந்தபோது, அமெரிக்க லாரி ஓட்டுநர்களுக்குக் கைகொடுத்தது, பொதுமக்கள் பேசிக்கொள்ளும் சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோதான். எந்த பங்க்கில் டீசல் கிடைக்கிறது, எந்தத் திருப்பத்தில் போலீஸ் நிற்கிறது என்பதெல்லாம் வண்டிக்கு வண்டி பரவியது. 1976 தொடக்கத்தில், இந்த சி.பி. பேச்சை வைத்து எழுதிய ‘கான்வாய்’ பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அன்றைய அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுகூட ‘ஃபர்ஸ்ட் மாமா’ என்ற பட்டப்பெயரில் பேசினார். செல்போன் பரவியதும் செட்டுகள் பரணுக்குப் போயின. அந்தக் காலத்தை நினைத்து ஏங்குவதோடு நிறுத்தாமல் செட்டை இறக்கி மாட்டினால், இன்றும் பேச முடியும். அமெரிக்காவில் 1983 முதல் இதற்குத் தனி உரிமம் தேவையில்லை.

1. செட்டைச் சோதியுங்கள்

1977-க்கு முந்தைய செட் என்றால் 23 சேனல்தான் இருக்கும். பிறகு வந்தவற்றில் 40. பழையது என்று ஒதுக்க வேண்டாம். அவசர உதவிக்கான 9, லாரிக்காரர்களின் 19 இரண்டும் அதிலேயே உண்டு. மூடியைத் திறந்து, கண்டென்சர் எதுவும் உப்பியோ கசிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாற்றிவிட்டு மின்சாரம் கொடுங்கள். வீட்டில் வைக்க 13.8 வோல்ட், 3 முதல் 5 ஆம்பியர் பவர் சப்ளை போதும். சிவப்பு ஒயர் பிளஸ், கறுப்பு மைனஸ். ஃப்யூஸ் இல்லாமல் இணைக்காதீர்கள். ஆன்டெனா மாட்டாமல் மைக் பட்டனை அழுத்தவே கூடாது. கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர் போய்விடும்.

2. ஆன்டெனாவுக்குச் செலவிடுங்கள்

ஏ.எம். முறையில் அனுமதி 4 வாட் மட்டுமே. ஆகவே குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் செட்டின் விலையைவிட ஆன்டெனாவே தீர்மானிக்கிறது. அலைநீளம் சுமார் 11 மீட்டர். தேவையைவிடக் கொஞ்சம் கூடுதலாக, தலா 2.75 மீட்டரில் இரண்டு செப்புக் கம்பிகள், 50 ஓம் கோஆக்ஸ் கேபிள், இவ்வளவு இருந்தால் ஒரு டைபோல் தயார். கேபிளின் நடுக்கம்பியை ஒன்றிலும் வலைப்பின்னலை இன்னொன்றிலும் பற்றவைத்து, முடிந்த அளவு உயரத்தில் கட்டுங்கள். மின்கம்பியிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கட்டும். இடி மின்னல் வருமுன் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

3. எஸ்.டபிள்யூ.ஆர். பாருங்கள்

ஆன்டெனா செட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சொல்லும் அளவு இது. செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை மாட்டி, 1, 20, 40 ஆகிய சேனல்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 40-இல் அதிகமாகவும் 1-இல் குறைவாகவும் இருந்தால் ஆன்டெனா நீளம். இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி அளக்கவும். 1-இல் அதிகம் என்றால் நீளம் போதவில்லை. வெட்டியதை ஒட்டுவது தொல்லை, அதனால்தான் கொஞ்சம் கூடுதலாக வைத்துத் தொடங்கச் சொன்னேன். 1.5-க்குள் வந்தால் அருமை, 2 வரை பரவாயில்லை. 3-ஐத் தாண்டினால் பேசாதீர்கள். இணைப்பில் எங்கோ கோளாறு.

4. முதலில் கேளுங்கள்

ஸ்குவெல்ச் திருகை முழுக்கத் திறந்தால் ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் கொட்டும். மெல்லத் திருப்பி, இரைச்சல் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு நூல் திருப்பினாலும் தூரத்துக் குரல்கள் கேட்காமல் போய்விடும்.

5. பிறகு பேசுங்கள்

ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஊரே கேட்கும் என்பதால் சொந்தப் பெயர், முகவரி வேண்டாம். 19-ஆம் சேனலில் இடைவெளி வந்ததும் ‘பிரேக் ஒன் நைன், ரேடியோ செக்’ என்று கேளுங்கள். குரல் எப்படி வருகிறது என்று யாராவது சொல்வார்கள். புரிந்தது என்பதற்கு ‘டென் ஃபோர்’. மைக் வாயிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கட்டும். ஒருவர் முடித்ததும் பாய்ந்து பேசாமல் ஒரு நொடி விடுங்கள். நடுவில் புகுவோருக்கு அதுதான் வழி.

6. ‘ஸ்கிப்’ வரும் நேரம் பாருங்கள்

சூரியப் புள்ளிகள் 11 ஆண்டுச் சுழற்சியில் பெருகும் காலத்தில், பகலில் அயன மண்டலம் இந்த அலைகளைத் திருப்பி அனுப்பும். அப்போது 4 வாட்டிலேயே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் எட்டலாம். 250 கிலோமீட்டருக்கு அப்பால் பேசக் கூடாது என்ற பழைய தடை 2017-இல் நீங்கியது. தூர ஆசையில் ‘லீனியர்’ பெருக்கி மட்டும் மாட்டாதீர்கள். அது சட்டவிரோதம், அக்கம்பக்கத்து டிவியும் கெடும்.

இவை அமெரிக்க விதிகள். இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை 5 வாட்டுக்குள் உரிம விலக்கு உண்டு. ஆனால் நிபந்தனைகளும் உண்டு, படித்துவிட்டு இறங்குங்கள். அமெரிக்க செட்டின் 28-ஆம் சேனலிலிருந்து மேலே உள்ளவை இந்த எல்லைக்கு வெளியே.

7. நேரம் குறித்துக்கொள்ளுங்கள்

அழைத்துப் பார்த்து, பதில் இல்லையென்று பலரும் அணைத்துவிடுகிறார்கள். அவர்கள் அணைத்த பிறகு அழைப்பவருக்கும் பதில் கிடைப்பதில்லை. இப்படித்தான் சேனல் செத்துப்போகிறது. அருகில் உள்ள இரண்டு பேரைச் சேர்த்து, ஞாயிறு இரவு எட்டு மணி, இன்ன சேனல் என்று முடிவு செய்யுங்கள். பேச ஆள் வராத வாரத்திலும் அந்த ஒரு மணி நேரம் செட் ஓடட்டும்.