இலவச கேமா, மாதச் சந்தாவா?

ஆன்லைன் கேமில் ‘இலவசம்’ என்பது பெரும்பாலும் நுழைவுக்கு மட்டும்தான். ஃபோர்ட்நைட், பிஜிஎம்ஐ போன்றவை உடை, தோற்றம், சீசன் பாஸ் விற்றுச் சம்பாதிக்கின்றன. அதுவும் பெரும்பாலும் நேரடியாக அல்ல. முதலில் வி-பக்ஸ், யூசி என்று கேம் நாணயம் வாங்க வேண்டும். செலவு கண்ணில் படாமலிருக்க நல்ல உத்தி! எதை வாங்கும் முன்பும் ரூபாயில் கணக்குப் போடுங்கள். நாணயம் பெரும்பாலும் குறிப்பிட்ட தொகுப்புகளாகத்தான் கிடைக்கும் என்பதால் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அதைத் தீர்ப்பதற்காக இன்னொரு தொகுப்பு வாங்காதீர்கள்.

2004-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் சந்தா கேம். 20-ம் நிலை வரை பணமில்லாமல் ஆடிப் பார்க்கலாம். ஃபைனல் ஃபேன்டஸி 14-ன் இலவச முன்னோட்டத்துக்குக் கால வரம்பே இல்லை. ஆனால், முழுப் பதிப்புக்கு மாறிய கணக்கு மீண்டும் இலவசத்துக்குத் திரும்பாது, அவசரப்பட வேண்டாம்.

தினமும் ஆடுபவருக்குச் சந்தாதான் மேல். செலவு முன்கூட்டியே தெரியும். எப்போதாவது ஆடுபவருக்கு அது வீண்.

செல்போனிலிருந்து கேமை நீக்கினாலும் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதியில் ரத்து செய்யுங்கள். பிள்ளைகள் கையில் போன் போகும் வீடுகளில், ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி இன்றே மாற்றிவிடுங்கள்.