ஏழு கோல் வாங்கிய அணியிடம் என்ன பேசுவது?

கேள்வி: 17 வயதுக்கு உட்பட்ட பையன்களின் கால்பந்து அணி ஒன்றுக்குக் கோச்சாக இருக்கிறேன். லீக் ஆட்டம் ஒன்றில் 0-7 என்று தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் கிரவுண்டு ஓரத்திலேயே, பெற்றோரும் எதிர் அணியும் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாரையும் நிற்க வைத்துக் கத்திவிட்டேன். கோல்கீப்பர் பையன் தலையே நிமிரவில்லை. அதற்குப் பிறகு பிராக்டிசுக்கும் வரவில்லை. திரும்பும்போது வேனில் பின் சீட்டில் இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். தோல்வியைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை. அடுத்த ஆட்டம் அடுத்த மாதம். பெரிய கிளப் மேனேஜர்கள் இப்படித் தோற்ற பிறகு வீரர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள்? தண்டனையாகக் கூடுதல் ரவுண்டு ஓடவிடலாமா? அணியை மாற்றிவிடலாமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: முதலில் அந்தக் கோல்கீப்பர் பையனைப் பாருங்கள். போனில் பேசுவதோ இன்னொரு பையனிடம் சொல்லி அனுப்புவதோ வேண்டாம், நீங்களே அவன் வீட்டுக்குப் போங்கள். மற்ற பத்துப் பேரும் கூட்டத்தோடு கூட்டமாகக் கலைந்து போய்விடலாம். வலைக்குள் குனிந்து ஏழு முறை பந்தை எடுத்தவன் அவன் ஒருவன்தான். பெரிய ஆறுதல் பேச்சு தேவையில்லை. “அத்தனை பேர் முன்னால் நான் கத்தியிருக்கக் கூடாது. நாளைக்கு வா. ஏழு கோலையும் உட்கார்ந்து பார்ப்போம். எது உன்மேல், எது என்மேல் என்று பிரிப்போம்” என்று சொல்லுங்கள், போதும். அவன் வந்த பிறகு இதையே அணி முழுவதும் கேட்கும்படியும் சொல்ல வேண்டும். ஊர் பார்க்கத் திட்டிவிட்டுத் தனியாகச் சமாதானம் சொன்னால் கணக்கு நேராகாது.

நீங்கள் செய்ததையே டிவி கேமரா முன்னால் செய்த மேனேஜர் ஒருவர் உண்டு. 2008 டிசம்பர் 26 அன்று, அந்தப் பருவத்தில்தான் முதல் முறையாக இங்கிலாந்தின் முதல் டிவிஷனுக்கு வந்திருந்த ஹல் சிட்டி, மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் இடைவேளைக்குள் நான்கு கோல் வாங்கிவிட்டது. மேனேஜர் ஃபில் பிரௌன் வீரர்களை டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போகவிடவில்லை. ஹல்லிலிருந்து வந்திருந்த ரசிகர்களுக்கு எதிரே புல்தரையில் உட்கார வைத்து, விரலை நீட்டி நீட்டிப் பேசினார். ஆட்டம் 1-5 என்று முடிந்தது. அதுவரை எல்லாரும் வியந்து பார்த்த அணி, அதன் பிறகு அந்தப் பருவம் முழுக்க லீக்கில் ஒரே ஒரு ஆட்டம்தான் வென்றது. 17ஆவது இடம் பிடித்து, கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் கடைசி நாளில் தப்பியது. அந்த ஒரு பேச்சுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வாரம் முன்பே சண்டர்லாந்திடம் சொந்த மைதானத்தில் 1-4 என்று தோற்றிருந்தார்கள், சரிவு தொடங்கியிருந்தது. ஆனால் வீரர்கள் அதை மறக்கவில்லை. மறு ஆண்டு அதே மைதானத்தில் பெனால்டி போட்ட ஜிம்மி புல்லார்டு, கூட்டாளிகளைச் சுற்றி உட்கார வைத்து மேனேஜரைப் போலவே விரல் நீட்டிக் காட்டினார். ஊரார் முன்னால் திட்டு வாங்குகிறவனுக்கு, என்ன தப்பு செய்தோம் என்பது காதில் ஏறாது. யார் யார் பார்க்கிறார்கள் என்பதே மனதில் ஓடும்.

சரி, பிறகு என்ன பேசுவது? ஏழு கோல் என்பதை ஒரே தோல்வியாகப் பார்க்காதீர்கள். என் அனுபவத்தில் பெரிய ஸ்கோர்கள் எல்லாமே துண்டு துண்டாகத்தான் விழுகின்றன. 2014 ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசோன்டியில் ஜெர்மனியிடம் பிரேசில் 1-7 என்று தோற்ற உலகக்கோப்பை அரையிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கோல் 11ஆவது நிமிடம். அதற்குப் பிறகு 23, 24, 26, 29. ஆறே நிமிடத்தில் நான்கு கோல்! காயத்தால் நெய்மார் இல்லை. மஞ்சள் அட்டைத் தடையால் கேப்டன் தியாகோ சில்வா இல்லை. இரண்டாவது கோல் விழுந்ததும் மைதானத்தில் ‘நில்லுங்கள், பின்னால் இறங்குங்கள், பந்தை மெதுவாக நடத்துங்கள்’ என்று சொல்ல ஆளில்லை. உடனே ஒன்று திருப்பிப் போட்டுவிட வேண்டும் என்று ஆளாளுக்கு முன்னால் ஓடினார்கள். நடுக்களம் வெறிச்சோடிக் கிடந்தது. மேனேஜர் ஸ்கொலாரி முதல் மாற்று ஆட்டக்காரரை இறக்கியது இடைவேளைக்குப் பிறகுதான். அதற்குள் ஐந்து விழுந்திருந்தது. ஆட்டம் முடிந்ததும் வியூகம் வகுத்தது நான்தான், பொறுப்பும் என்னுடையதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். அது சரியான முதல் வார்த்தை. ஆனால் நான்கு நாள் கழித்து மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 0-3 என்று தோற்றார்கள். பழியை ஏற்றுக்கொள்வதோடு மேனேஜரின் வேலை முடிந்துவிடுவதில்லை.

இதற்கு மறுபக்கமாக மான்செஸ்டர் யுனைடெட்டைச் சொல்வேன். 2011 அக்டோபர் 23 அன்று அவர்கள் மான்செஸ்டர் சிட்டியிடம் சொந்த மைதானத்தில் 1-6 என்று தோற்றார்கள். இரண்டாம் பாதி தொடங்கியதுமே ஜானி எவன்ஸுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேராக ஆடி 81ஆவது நிமிடத்தில் 1-3 என்று கொண்டுவந்தார்கள். அங்கேயே கதவைச் சாத்தியிருக்கலாம். முன்னால் பாய்ந்தார்கள்; கடைசிச் சில நிமிடங்களில் மட்டும் மூன்று கோல் வாங்கினார்கள். அந்த வீம்பைத்தான் மேனேஜர் ஃபெர்குசன் வெளிப்படையாகக் கண்டித்தார். பருவ முடிவில் இரண்டு அணிகளுக்கும் 89 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் எட்டு குறைந்து யுனைடெட் பட்டத்தை இழந்தது. தோல்வி உறுதியான பிறகு வாங்கும் கோலுக்கும் விலை உண்டு என்பதைப் பையன்களுக்கு விளக்க இதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியாது.

ஆகவே உங்கள் ஏழு கோலையும் நிமிட வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் பெற்றோராவது செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பையன்களிடம் கேட்டாலே வரிசையாகச் சொல்வார்கள். சில கோல் உங்கள் ஏற்பாட்டால் விழுந்திருக்கும்: பேக் லைனை உயர நிறுத்தியது, வேகமான விங்கருக்கு எதிரே மெதுவான பையனைப் போட்டது. அவற்றை எல்லார் முன்னாலும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். சில கோல் பதற்றத்தில் வந்திருக்கும். கடைசியில் சில, ஓடுவதையே விட்டதால் வந்திருக்கும். அந்தக் கடைசி வகைக்கு மட்டும் கடுமையாகப் பேசலாம், பேசவும் வேண்டும். அதை உங்கள் வாயால் ஆரம்பிக்காதீர்கள். “ஆறாவது கோல் வரும்போது நீ எங்கே நின்றாய்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதினாறு வயதுப் பையனுக்கு அது நன்றாகத் தெரியும்.

தோற்ற அன்றைக்கே இதெல்லாம் வேண்டாம். அன்றைக்குத் தண்ணீர், தலைக்கணக்கு, வேன், “செவ்வாய்க்கிழமை பார்ப்போம்” என்ற ஒரு வாக்கியம். அதற்காக ஒதுங்கிப் போய் நிற்கவும் கூடாது. எதிர் அணிக் கோச்சுக்கும் ரெஃப்ரிக்கும் முதலில் கை கொடுப்பது நீங்களாக இருக்க வேண்டும். பையன்கள் உங்களைப் பார்த்துத்தான் நடப்பார்கள்.

அணியை மாற்றுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2019 அக்டோபர் 25, மழை பெய்த வெள்ளிக்கிழமை இரவு, சவுத்தாம்ப்டன் சொந்த மைதானத்தில் லெஸ்டரிடம் 0-9 என்று தோற்றது. 12ஆவது நிமிடத்திலேயே ரயன் பெர்ட்ராண்டுக்குச் சிவப்பு அட்டை. இங்கிலாந்து முதல் டிவிஷனில், 1888இல் லீக் தொடங்கியதிலிருந்து, வெளியூர் அணி ஒன்று பெற்ற மிகப் பெரிய வெற்றி அது. வீரர்களும் பயிற்சியாளர்களும் அன்றைய சம்பளத்தைக் கிளப்பின் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அது நல்ல செய்கைதான். என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று: கிளப் மேனேஜர் ரால்ஃப் ஹாசென்ஹூட்டலை விரட்டவில்லை. எட்டு நாள் கழித்து மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் 70ஆவது நிமிடம் வரை 1-0 என்று முன்னணியில் இருந்து, 1-2 என்று தோற்றார்கள். ஒன்பது வாங்கிய அணி அப்படித் தோற்பதே ஒரு தேறுதல். ஜனவரியில் லெஸ்டருக்கே போய் 2-1 என்று வென்றார்கள். பருவத்தை 11ஆவது இடத்தில் முடித்தார்கள். 2020 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பிரீமியர் லீக் பட்டியலின் உச்சியிலேயே இருந்தார்கள்.

உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரி 2 அன்று இதே அணி, இதே மேனேஜரின் கீழ், மான்செஸ்டர் யுனைடெட்டிடம் மீண்டும் 0-9 என்று தோற்றது. லீக்கில் முதல் முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆடிய 19 வயது அலெக்ஸாண்டர் யாங்கெவிட்ஸ் இரண்டாவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கினார். ஒருமுறை நன்றாகச் சமாளித்துவிட்டால் மறுபடி நடக்காது என்ற உத்தரவாதம் இந்த விளையாட்டில் இல்லை.

முதல் 0-9க்குப் பிறகு கோல்கீப்பர் ஆங்கஸ் கன் லீக் அணியில் இடம் இழந்தார். அலெக்ஸ் மெக்கார்த்தி வந்தார். கன் அப்போது 23 வயதுத் தொழில்முறை ஆட்டக்காரர், அது அவருடைய பிழைப்பு. உங்கள் பையன் விஷயத்தில் அப்படிச் செய்யாதீர்கள். அடுத்த ஆட்டத்தில் அவனையே நிறுத்துங்கள். வேறு இடங்களில் ஒன்றிரண்டு பேரை மாற்றலாம். காரணத்தை மாற்றப்படும் பையனிடம் முன்கூட்டியே நேராகச் சொல்லிவிடுங்கள், பட்டியல் வாசிக்கும்போது அவனுக்குத் தெரியவரக் கூடாது.

தண்டனை ஓட்டம் வேண்டவே வேண்டாம். ஓட்டம்தான் இந்த ஆட்டத்தின் உயிர். அதையே தண்டனையாக்கினால், அடுத்த மாதம் 80ஆவது நிமிடத்தில் ஓடச் சொல்லும்போது எந்த முகத்தோடு சொல்வீர்கள்?

பின் சீட்டில் சிரித்தவர்களை விட்டுவிடுங்கள். அந்த வயதில் அவமானம் தாங்காமல் சிரிப்பவர்களே அதிகம். அக்கறை இல்லாதவன் யார் என்பது கிரவுண்டில்தான் தெரியும், அதுவும் அந்த நிமிட வாரித் தாளிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் ஒரு முழு பிராக்டிசை இதற்கே ஒதுக்குங்கள்: நாம் 0-1 பின்தங்கியிருக்கிறோம் என்று வைத்து ஆட்டத்தைத் தொடங்குங்கள். பந்தை நடுவட்டத்துக்கு யார் எடுத்து வருவது, எவ்வளவு மெதுவாக; ஃபார்வர்டுகளில் எவன் நடுக்களத்துக்கு இறங்குவது; அடுத்த ஐந்து நிமிடம் யார் குரல் கொடுப்பது. இதையெல்லாம் பையன்களே முடிவு செய்யட்டும். பிறகு 0-2 என்று வைத்து மறுபடி ஆடவிடுங்கள்.