பொன்னரளி வளர்ப்போர் கவனத்திற்கு

மணி போன்ற மஞ்சள் மலர்களால் வாயிலை அலங்கரிப்பதோடு நித்திய பூஜைக்கும் புஷ்பம் தருகின்ற பொன்னரளியை வளர்ப்போர், முக்கோண வடிவில் பச்சையாய்த் தொங்கும் அதன் காயினுள் உறையும் பருப்பு, இருதயத் துடிப்பையே நிலைகுலையச் செய்யும் கொடிய விஷம் என்பதை ஒரு கணமும் மறத்தலாகாது.

● தவழும் குழந்தைக்கும் கட்டவிழ்ந்த கன்றுக்கும் எட்டாத வேலியோரமே இச்செடிக்கு ஏற்ற ஸ்தானம். கிணற்றருகே நட வேண்டா.

● மலர் உதிர்ந்த காம்பில் பிஞ்சு திரளும்போதே கிள்ளிவிடுவது உத்தமம். தப்பிப் பழுத்துக் கறுத்து விழுந்தவற்றை, சிறுவர் அவற்றின் கொட்டையை விளையாட்டுப் பொருளாக எடுக்குமுன், அன்றாடம் பொறுக்கி ஆழப் புதைத்துவிடுக.

● கிளையை ஒடித்தவுடன் கசியும் வெண்பால் கண்ணில் படாதவாறு கையுறை அணிந்தே கவாத்துச் செய்து, பின்னர் சோப்பிட்டுக் கை கழுவுக. உலர்ந்தாலும் விஷம் நீங்காதாகையால், வெட்டிய தழையை மாட்டுக்கு இடுவதும் அடுப்பில் எரிப்பதும் கூடாது.

● உண்ணிச்செடியின் பச்சைக் காய்களுக்கும், வேலியாக வளர்க்கப்படும் துரந்தாவின் மஞ்சள் மணிகளுக்கும் இதே ஜாக்கிரதை அவசியம்.

● எவரேனும் தின்றுவிட்டால், உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்யாமல், வாயில் எஞ்சியதை அகற்றி, 108 ஆம்புலன்ஸை அழைத்து, தின்ற காயின் மாதிரி ஒன்றையும் உடனெடுத்துச் சென்று மருத்துவமனையில் சேர்ப்பிக்கவும். விஷத்தின் குணங்கள் சில மணி நேரம் கழித்தும் தோன்றக்கூடுமாதலால், ஆள் தெளிவாயிருப்பதைக் கண்டு வாளாவிருத்தல் பிராணாபத்தாகும்.